7 மாசப் பாப்பாவோட வெளிநாடு போறப்ப சாப்பாடு

சிஸ்டர், இப்பதான் திட உணவு ஆரம்பிச்சோம், பத்து நாள் வெளிநாட்டுல பாப்பாவுக்கு என்ன குடுக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க, ஒரு வயசு வரைக்கும் பால்தான் முக்கிய ஆகாரம், அதனால அங்க கொஞ்சம் கம்மியா சாப்பிட்டாலும் தாய்ப்பாலோ பார்முலாவோ வழக்கம்போல போயிட்டிருந்தா போதும். பார்முலான்னா இப்ப குடிக்கிற அதே பிராண்டையே கையோட எடுத்துட்டுப் போங்க. பாட்டில் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வச்சு, அரை மணி நேரத்துக்குள்ள பவுடரைக் கலந்து, ஆற வச்சுக் குடுங்க, தண்ணி பாட்டில் லேபிள்ல சோடியம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கம்மியான்னும் பாத்துக்கோங்க. வாழைப்பழம் அனேகமா எங்கயும் கிடைக்கும், நீங்களே உரிச்சு மசிச்சுக் குடுத்துரலாம். முட்டை, வேர்க்கடலை மாதிரி இதுவரை குடுக்காததை அங்க போய் ஆரம்பிக்காதீங்க, அலர்ஜி வந்தா தெரியாத ஊர்ல டாக்டரைத் தேடி அலையணும். தேன் மட்டும், யார் ஆசையா நீட்டினாலும், ஒரு வயசு வரைக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம் ப்ளீஸ்.