விளக்கைப் போடாதீர்கள்

கேள்வி: சினிமாவில் சோகக் காட்சி வந்தால் என்னால் அடக்க முடிவதில்லை, அழுதுவிடுகிறேன். விளக்குப் போடுவதற்குள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். "வெறும் நடிப்புக்கா இந்த அழுகை?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். இது மனபலவீனமா? உங்களை அழவைத்த காட்சி எது?
— வாசகி ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: விளக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அதன்மேல்தான் எனக்குப் பல வருஷமாக ஆத்திரம். நம் குமரி மாவட்டத்துத் தியேட்டர்கள் பலவற்றில் படத்தின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள் டக்கென்று விழுகிறது. வெளி வெளிச்சம் திரையில் அடிக்கிறது. அடுத்த நொடி எல்லா விளக்கும் எரிகிறது. அழுதவர்கள் தப்புச் செய்தவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேற வேண்டும். ஒரு தியேட்டர் மேனேஜரிடம் இதைக் கேட்டேன். "அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்குது சார், பெருக்க வேண்டாமா?" என்றார். இரண்டு நிமிஷம் இருட்டாக விட்டால் எந்தப் பெருக்கல் கெட்டுப்போகும்? அவரை எங்கே பார்த்தாலும் இதைக் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

நீங்கள் கேட்ட காட்சியே இந்த விளக்கால் பலருக்குத் தவறிப்போனதுதான். லோகிததாஸ் எழுதி, சிபி மலையில் இயக்கி, 1989இல் வந்த 'கிரீடம்'. மலையாளப் படத்தை யாரும் விளக்காமலே பார்த்து அழத் தெரிந்த மாவட்டம் நம்முடையது, ஆகவே கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போலீஸ்காரரான அச்சுதன் நாயருக்கு மகன் சேதுமாதவன் சப் இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று ஆசை. அப்பாவை ஒரு ரவுடி தெருவில் போட்டு அடிக்கிறான். காப்பாற்றப் போன மகன், திருப்பி அடித்த அன்றே ஊர்க்கண்ணில் ரவுடியாகிறான். கடைசியில் கொலையும் செய்துவிட்டுக் கத்தியோடு நிற்கும் மகன் மோகன்லாலிடம், அதைக் கீழே போடச் சொல்லி அப்பா திலகன் மன்றாடுவார். எல்லாரும் சொல்லி உருகுகிற இடம் அதுதான். கத்தி விழுந்ததும் நம் ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

என் கண் நிறைந்தது அதற்கு அப்புறம் வருகிற சின்னக் காட்சியில். சேதுவைப் போலீஸ் வேலைக்கு எடுக்கலாமா என்பது பற்றி மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அச்சுதன் நாயர் தலையிலேயே வந்து விழுகிறது. இவன் குற்றவாளி, இந்த வேலைக்குத் தகுதியில்லாதவன் என்று பெற்ற தகப்பனே சொல்கிறார். மகன் சப் இன்ஸ்பெக்டராக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்த அதே வாய். அந்த நிமிஷத்தில் கதவைத் திறந்து பார்வையாளரை வெளியே அனுப்புகிறவருக்கு என்ன மனசு இருக்கும்?

சரி, பலவீனமா என்று கேட்டீர்கள். தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு உங்கள் மார்த்தாண்டத்திலிருந்து அதிக தூரமில்லாத நம் அதங்கோடுதான் என்று இங்கே தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். அந்த நூலின் மெய்ப்பாட்டியலில், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகைக்கு அடுத்த இடத்தில் அழுகையை வைத்திருக்கிறார்கள். பெருமிதமும் அதே வரிசையில்தான் வருகிறது. அழுகையை யாரும் கீழே இறக்கி வைக்கவில்லை. அது எதனால் பிறக்கும் என்றும் கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள்: இளிவு என்கிற இகழ்ச்சி, இழவு என்கிற இழப்பு, அசைவு, வறுமை. முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு விதமாகிப் போய் வருந்துவது அசைவு என்று பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் எழுதுகிறார். சேதுமாதவனை இதைவிடச் சரியாக எந்தச் சினிமா விமர்சகர் சொல்லிவிட்டார்? 'மூன்றாம் பிறை'யில் (1982) ரயில் பின்னால் ஓடிக் குரங்கு வித்தை காட்டும் கமல்ஹாசனைப் பைத்தியம் என்று ஸ்ரீதேவி நினைக்கிறாரே, அங்கே இழவும் இளிவும் ஒன்றாக வந்து தாக்குகின்றன. நாம் அழாமல் என்ன செய்வோம்?

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'வெறும் நடிப்பு' எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. நம் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் நல்லதங்காள் கதை நடத்துவார்கள். வர்ணம் பூசிய ஆட்டுத் தோல், பின்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான். அந்த முகத்தில் கண்ணீர் வராது, உதடு நடுங்காது. பசி தாங்காத ஏழு பிள்ளைகளையும் அவள் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த துக்கமும் அந்தத் திரையில் போய் ஒட்டிக்கொள்கிறது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அந்தக் கரையில் உட்கார்ந்து 'செம்மீன்' பார்க்கிற ஒரு பெண்ணிடம், மீனவன் பழனி நடுக்கடலில் சுறாவோடு போராடும் இடத்தில், இது வெறும் நடிப்பு என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

இதில் இன்னொரு பழைய வழக்கும் எனக்கு உண்டு, கோயில் விழாக் கமிட்டிக்காரர்களோடு. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்குப் பேருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மீதி ராத்திரியை இன்னிசைக் கச்சேரிக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். நேரம் இல்லை என்று வில்லடித்துப் பாடும் புலவர் கதையைச் சுருக்குகிறார். கதை நாயகன் முத்துப்பட்டன் சாகிறான், அவன் மனைவிமார் பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள், உடனே கச்சேரிக்காரர்கள் மைக் சரிபார்க்க மேடையேறிவிடுகிறார்கள். கதை முடிவில் வாழ்த்தாகப் பாடும் வாழியைப் பாடக்கூட விடுவதில்லை. அந்த வாழி எதற்காக இருக்கிறது என்று கமிட்டிக்காரர்கள் யோசித்ததுண்டா? கதை கேட்டவர் வாழி, ஊர் வாழி, மழை வாழி என்று புலவர் நிதானமாகப் பாடும்போதுதான், அழுத சனம் மூக்கைச் சிந்தி, மடியில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ரெண்டு வார்த்தை பேசி எழுந்திருக்கும். அழவைத்தவரே ஆற்றியும் அனுப்புவார். சினிமாவில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவை கடைசியில் பெயர்கள் ஓடும் அந்த இரண்டு நிமிஷமும், அப்போது வரும் இசையும்தான். அதைத்தான் விளக்கைப் போட்டுக் கொல்கிறார்கள்.

ஆகவே, நீங்கள் அவசரமாகக் கண்ணைத் துடைக்க வேண்டாம். விளக்கு எரிந்தாலும் பெயர்கள் ஓடி முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். பெருக்க வருகிறவர் காத்திருக்கட்டும். நாலு பேர் இப்படி உட்கார்ந்தால் மேனேஜருக்கும் புரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து 'கிரீடம்' போடுங்கள். கத்தி விழுந்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தால், கையைப் பிடித்து உட்காரவையுங்கள்.