எல்.கே.ஜி. போகாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்களா?

கேள்வி: மகளுக்கு 4 வயது முடிந்துவிட்டது, தம்பிக்கு 2. மதுரை பசுமலையில் இருக்கிறோம். ஒன்றாம் வகுப்பு வரை வீட்டிலேயே ஜெபத்தோடும் வேத வசனத்தோடும் சொல்லிக்கொடுக்க ஆசை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளையை யார் சேர்ப்பார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். சபையில் பழக்கமான ஒருவர், 40,000 ரூபாய்க்கு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்திட்டப் பெட்டி வாங்கினால் சான்றிதழும் வரும், அதைக் காட்டிச் சேர்த்துவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முதலில் மாமியாரின் பயம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி. 4 வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நம் மாநிலத்தில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்கு டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தேவையில்லை, எல்.கே.ஜி. படித்த தாளும் தேவையில்லை. நான் ஒன்றாம் வகுப்பு எடுத்த மிஷன் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தோ பால்வாடியிலிருந்தோ நேரே வந்தவர்கள்தான். 6 வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே என்றால் அது வேறு பேச்சு. நீங்கள் அதைக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெட்டி. மழலைப் படிப்புக்கு ‘அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்’ என்று எந்தத் தலைமையாசிரியரும் கேட்கப்போவதில்லை. இல்லாத ஒரு தேவையைச் சொல்லி, நம் விசுவாசத்தையும் பயத்தையும் ஒன்றாகப் பிடித்து விற்கிறார்கள். “சபைக்காரர்தானே” என்று நம்பி வாங்கிய ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். பனிமனிதனுக்குத் தொப்பி ஒட்டு, ஆப்பிள் தோட்டத்துக்கு வழி கண்டுபிடி, இப்படியே போகிறது. ‘அ’ எங்கும் இல்லை. விற்றவர் அடுத்த வருடப் பெட்டிக்கும் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். ஊழியம் என்ற பெயரில் கமிஷன் வாங்குபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்தச் சான்றிதழைப் பார்த்து மதுரையில் எந்தப் பள்ளி சேர்த்தது? பெயர் சொல்லுங்கள், போய் விசாரிக்கிறேன்.”

வீட்டில் இருப்பதே போதும். யோவான் 6-ஆம் அதிகாரத்துப் பையனின் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் புளியங்கொட்டையால் அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். மீந்த பன்னிரண்டு கூடையையும் எண்ணட்டும். உயிரெழுத்தும் பன்னிரண்டுதான், ஒரு கூடைக்கு ஓர் எழுத்து என்று வைத்துப் பாடுங்கள். கோலமாவில் விரலால் எழுதட்டும். பென்சிலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அந்தப் பிஞ்சு விரல்களை வதைக்காதீர்கள். வசனம் ஒப்பிக்காததற்காக அடிக்கவே அடிக்காதீர்கள். வேதத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதையும் இரண்டு மூன்றாகப் பிரித்து. மற்ற பிள்ளைகளோடு பழக ஓய்வுநாள் பள்ளி, மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) இருக்கின்றன. அங்கன்வாடியிலும் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், முட்டையும் தருவார்கள். அங்கே அனுப்புவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். அதே கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பள்ளி எந்த வகுப்பில் தொடங்குகிறதோ, அதில்தான் அந்த இடம். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளியென்றால் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். ஒன்றாம் வகுப்பில் போய்க் கேட்டால் கிடையாது. ஜூலை 31-இல் 3 வயது முடிந்து 4 முடியாத பிள்ளைக்குத்தான் அந்த எல்.கே.ஜி. இடம். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது. தம்பிக்கு இன்னும் திறந்திருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குக் கீழே என்றால் அவனுக்கு வீட்டுக்கல்வி முடிவை எடுக்குமுன் இதை நினைத்துப் பாருங்கள். இதிலும் ஒன்று: “நம்ம மிஷன் பள்ளியில் இலவச இடம் வாங்கித் தருகிறேன்” என்று எவராவது வந்தால் நம்பாதீர்கள். மிஷன் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற தனியார் பள்ளிகளில் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது.

அரசை மட்டுமே நம்பிக் காத்திருக்கவும் என்னால் சொல்ல முடியவில்லை. 2025-இல் நிதி யார் தருவது என்று மத்திய, மாநில அரசுகள் இழுத்ததில், இந்தச் சேர்க்கை தொடங்கவே அக்டோபர் ஆகிவிட்டது. ஜூனிலேயே கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த ஏழைகளை ஏன் இப்படி அலைக்கழிக்க வேண்டும்?

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பது. நம்மவர்கள் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைப்பார்கள், ஆதாரில் வேறொன்று இருக்கும், பிறப்புச் சான்றிதழில் பெயர் இடமே காலியாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் என்றால் இலவசமாகப் பெயர் சேர்த்திருக்கலாம். இப்போது தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். 5 வயதில் போட வேண்டிய டி.பி.டி. ஊசியையும் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் தடுப்பூசி) அரசு சுகாதார நிலையத்தில் போட்டு, தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.