வெள்ளி அடித்தால் சாம்பலாகத் தெரிகிறதே!

கேள்வி: பிளாஸ்டிக் ரோபோ கிட் ஒன்றை முழுசாகப் பொருத்திவிட்டு, ஸ்பிரே டப்பாவால் வெள்ளி நிறம் அடித்தேன். உலோகம் மாதிரியே இல்லை, சாம்பல் பூசியதுபோல இருக்கிறது. நிப்பரால் (சிறு வெட்டுக்குறடு) வெட்டிய இடமெல்லாம் வடுவாகத் தெரிகிறது. கையை மடக்கினால் மூட்டில் பெயிண்ட் உரிகிறது. இன்னும் இரண்டு கோட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து மேலே மேலே அடிக்காதீர்கள், இன்னும் மங்கிப்போகும்.

வெள்ளிப் பெயிண்டில் இருப்பவை பொடிப்பொடியான உலோகச் செதில்கள். அவை தட்டையாகப் படுத்தால்தான் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பி வரும். அடிப்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொள்ளும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் அதுதான். ஆக, பளபளப்பு வெள்ளியில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது.

அதனால் முதலில் பளபளப்பான கறுப்பு. காய்ந்ததும் உறுப்பை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் விளிம்பு கறுப்பில் கூர்மையாகத் தெரிய வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, திரும்பவும் கறுப்பு அடியுங்கள். நன்றாக இறுகும்வரை பொறுமை வேண்டும், ஓரிரு நாள் விட்டுவிடுவது நல்லது. அப்புறம் வெள்ளியை மெல்லிய படலமாக, விட்டு விட்டு அடியுங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் பேனா போன்ற கருவி) இருந்தால் 15 பிஎஸ்ஐ அளவு அழுத்தம் போதும். கறுப்பு மறைந்தும் மறையாமலும் இருக்கிற அந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

வடுக்களுக்கு வழி, வெட்டும்போதே இருக்கிறது. ரன்னரிலிருந்து, அதாவது உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரிக்கும்போது, உறுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு உறுப்பை ஒட்டி ஒரு வெட்டு. 400, 600, 800, 1000 நம்பர் உப்புத்தாள் என்று படிப்படியாகத் தேயுங்கள். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் மன்னிக்கிற கீறலை வெள்ளி மன்னிக்காது.

மூட்டு உரிவதற்குக் காரணம், பொருத்திய பிறகு அடித்தது. உறுப்புகளைத் தனித்தனியாக அடியுங்கள். ஒன்றோடொன்று உரசும் இடங்களை முன்பே அரை முடி அளவு தேய்த்துவிடுங்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகும் முளைகளை டேப்பால் மூடுங்கள். ரன்னர் சட்டத்தில் ஏபிஎஸ் என்று அச்சிட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தின்னர் ஊறினால் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இன்னொன்று, எல்லா இடத்திலும் ஒரே வெள்ளி வேண்டாம். உள்சட்டத்துக்குக் கன்மெட்டல் எனும் கருஞ்சாம்பல் உலோக நிறம், பிஸ்டனுக்குப் பளீர் குரோம், கவசத்துக்கு வெள்ளிமேல் கிளியர் (அடிநிறம் ஊடுருவித் தெரியும்) சிவப்பு என்று பிரித்தால், பொம்மைக்கே எடை வந்ததுபோல் இருக்கும். கடைசியில் மேட் கிளியர் அடித்து இத்தனை உழைப்பையும் மூடிவிடாதீர்கள். குரோம்மேல் எந்தக் கிளியர் அடிப்பதானாலும் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள், சில லேக்கர் வகைப் பெயிண்டுகள் அதை மங்கலாக்கிவிடும்.

இப்போது கையிலிருப்பதைக் கழற்றுங்கள். பழைய பெயிண்டை உரிக்க வேண்டியதில்லை. உப்புத்தாளால் சமமாக்கி, அதே ரகக் கறுப்பை அதன்மேல் அடிக்கலாம். காற்றோட்டமான இடம், ஆவி வடிகட்டும் முகமூடி இரண்டும் கட்டாயம். முதுகில் மாட்டும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். முதல் முயற்சி கொஞ்சம் பிசகினாலும் முன்னால் தெரியாது.