நுண்துளைப் பொருள் ஆராய்ச்சியை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

அன்புள்ள அம்மா,

ஆல்கஹாலையும் தண்ணீரையும் பிரிக்கும் நுண்துளைப் பொருள்களில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது மதுத் தொழிலுக்கான படிப்போ என்ற கவலை வேண்டாம். எரிபொருளில் கலப்பதற்கும் வேதித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் நீக்கிய எத்தனால் என்ற ஆல்கஹால் தேவை.

சிக்கல் எங்கே என்று தெரிந்தால் மகளின் ஆர்வம் உங்களுக்கும் புரியும். எத்தனால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, தண்ணீர் 100-இல். காய்ச்சி வடித்தாலே பிரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் எடையில் 95.6 சதவீதம் எத்தனால் என்ற நிலையை எட்டியதும், சாதாரண அழுத்தத்தில் இரண்டும் அதே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகின்றன. பிறகு எத்தனை முறை வடித்தாலும் பயனில்லை. முன்பு பென்சீன் சேர்த்து மிச்சத் தண்ணீரை நீக்கினார்கள். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இன்று அந்த வேலையை 3ஏ சியோலைட் என்ற நுண்துளைப் படிகம் செய்கிறது. அதன் துளை சுமார் 0.3 நானோமீட்டர், தண்ணீர் மூலக்கூறு நுழைந்துவிடும், எத்தனால் வெளியே நின்றுவிடும். சற்றுப் பெரிய துளைகள் கொண்ட 4ஏ சியோலைட்டிலுள்ள சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தை வைத்தால் துளை இப்படிக் குறுகுகிறது. எவ்வளவு நுட்பமான வேலை, பாருங்கள்! உலர்ந்த சியோலைட் மணிகள் மீது தண்ணீர் ஊற்றினால் நன்றாகச் சூடேறும்; அவ்வளவு வலுவாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. அதை மறுபடி வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. அதைக் குறைப்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பாடு.

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும் உலோக-கரிமச் சட்டகங்கள் என்ற புதிய நுண்துளைப் பொருள்களுக்காக 2025-இல் கிதாகவா, ராப்சன், யாகி மூவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அதைப் பார்த்து, இந்தப் பெயரையே தாங்கிய குறுகிய பட்டப்படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். முதல் பட்டம் அகலமாக இருக்கட்டும். புதிய படிகங்களை உருவாக்க ஆசை என்றால் வேதியியல்; அதை ஆலையில் ஓடவைக்க ஆசை என்றால் வேதிப் பொறியியல். எது என்று அவளிடமே கேளுங்கள். இந்தத் திறமைக்கு வாயுப் பிரிப்பு, நீர் சுத்திகரிப்பு, பெட்ரோலிய வினையூக்கிகள் என்று பல இடங்களில் வேலை உண்டு. ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்றால் முனைவர் பட்டமும், அதன்பின் சில ஆண்டுகள் தற்காலிகப் பணியும் இருக்கும். வருமானம் தாமதமாகத்தான் வரும்; குடும்பம் அதற்கு இப்போதே திட்டமிட வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது படிகத்தின் அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவியும், துளைகளின் உட்பரப்பையும் சேர்த்துப் பரப்பளவு அளவிடும் கருவியும் இருக்கின்றனவா, இளநிலை மாணவர்களை அவற்றில் வேலை செய்ய விடுகிறார்களா என்று துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள்.