ரிவெர்ப் என்னும் போர்வை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிதாக ரிவெர்ப் பெடல் (பெரிய கூடத்தில் வாசிப்பதுபோன்ற கார்வையை ஒலிக்குச் சேர்க்கும், காலால் இயக்கும் கருவி) வாங்கியிருக்கிறேன். கிட்டாரிலிருந்து முதலில் அதற்கு, அங்கிருந்து ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல், பிறகு ஆம்ப் (ஒலிபெருக்கி). நாலு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வாசித்தால் எல்லாம் கூழாகக் கேட்கிறது. ரிவெர்ப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ் குமிழைக் குறைத்தால் வாசிப்பு வறண்டுவிடுகிறது. ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் வேறு. ஹால், பிளேட், ஸ்பிரிங் என்ற ரிவெர்ப் வகைகளில் எது சிறந்தது?

ர.

அன்புள்ள ர.,

இரைச்சலை முதலில் முடித்துவிடுவோம். ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் போட்டு இரண்டு பெடலுக்கும் கரண்ட் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் துடிப்பு பொதுவான கிரவுண்டு வழியாக டிஸ்டார்ஷனில் ஏறி, அங்கே பல மடங்கு பெருகும். ரிவெர்ப்புக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ்; ஆனாலும் பெடலில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். அடாப்டரின் மில்லிஆம்பியர் பெடல் கேட்பதைவிடக் கூடினால் கேடில்லை, குறையக்கூடாது.

வரிசையைத் திருப்புங்கள்: கிட்டார், டிஸ்டார்ஷன், டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் பெடல்) இருந்தால் அது, கடைசியில் ரிவெர்ப். டிஸ்டார்ஷன் உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும். தேய்ந்து மறைய வேண்டிய கார்வையையும் தூக்கி, புதிய கார்டோடு சேர்த்து அரைத்துவிடும். உங்கள் கூழ் அதுதான். ஆம்ப்பின் கெயின் குமிழை ஏற்றி அதிலிருந்தே டிஸ்டார்ஷன் எடுப்பதானால், ஆம்ப்பின் பின்னாலுள்ள ‘செண்டு’ துளையிலிருந்து ரிவெர்ப் பெடலின் இன்புட்டுக்கும், அதன் அவுட்புட்டிலிருந்து ஆம்ப்பின் ‘ரிட்டர்ன்’ துளைக்கும் கேபிள் போடுங்கள்.

இனி அந்த ‘வறண்டுவிடுகிறது’. கோபித்துக்கொள்ளாதீர்கள், வறட்சி பெடலில் இல்லை. கார்டு மாற்றும்போது இடது கை அரைத் தாளம் முன்னதாகவே எழும்பிவிடுகிறது. அந்த ஓட்டையின் மேல் ரிவெர்ப்பைப் போர்த்துகிறீர்கள். இது உங்கள் ஒருவருடைய பழக்கமல்ல, பாதிப் பேர் அந்தப் பெடலை வாங்குவதே இதற்குத்தான். அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், ஓட்டை எங்கே என்று காது சொல்லிவிடும்.

போர்வைக்கும் அளவு உண்டு. நிமிடத்துக்கு 80 தாளம், கார்டுக்கு 4 தாளம் என்றால், ஒரு கார்டுக்கு 3 வினாடி. டீகே, அதாவது கார்வை தேய்ந்து மறையும் நேரம், 5 வினாடியில் இருந்தால் பழைய கார்டு புதியதன் அடியில் கிடந்து முனகும். சி மேஜரிலிருந்து டி மேஜருக்குப் போகிறீர்கள். மிச்சமிருக்கும் ஜி சுரம் புதிய எஃப் ஷார்ப்பை அரைச்சுர தூரத்தில் உரசும். எந்த விலைப் பெடலும் இதைச் சரிசெய்யாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மிக்ஸ் குமிழைத் தற்காலிகமாகக் கடிகார முள்ளின் 3 மணி நிலைக்கு ஏற்றுங்கள், வால் (வாசிப்பு நின்றபின் நீளும் கார்வை) நன்றாகக் கேட்பதற்காக மட்டும். ஒரு கார்டைத் தட்டி உடனே கையால் அடக்குங்கள். அடுத்த கார்டு வரவேண்டிய நேரத்துக்குள் வால் அடங்கும்வரை டீகேயைக் குறையுங்கள். பிரீ-டிலே (கார்வை தொடங்குமுன் விடும் இடைவெளி) இருந்தால் 20 முதல் 30 மில்லிவினாடி. பிக் (தந்தியை மீட்டும் வில்லை) படும் ஒலி முதலில் தெளிவாக வெளியே வந்துவிடும். வால் சீறினால் டோன் குமிழை இறக்குங்கள். பிறகு மிக்ஸைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய் மெல்ல ஏற்றுங்கள். ரிவெர்ப் தனியாகக் காதில் பட்டதும் நிறுத்தி, ஒரு நூல் பின்வாங்குங்கள். பெரும்பாலும் 9 மணிக்கும் 11 மணிக்கும் நடுவில் நிற்கும். காலால் பெடலை அணைத்தால் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும், போட்டால் எதுவும் கூடியதாகத் தோன்றக்கூடாது. இதைத் தனியறையில் அல்ல, மற்ற வாத்தியங்களோடு, வாசிக்கப்போகும் சத்தத்திலேயே செய்யுங்கள். கூடமே முழங்குகிறதென்றால் இன்னும் குறையுங்கள்.

ஹாலா பிளேட்டா? பிளேட் என்பது 1957இல் வந்த இஎம்டி 140 கருவியில் தொங்கிய எஃகுத் தகட்டின் ஒலியைப் பின்பற்றுவது. தகட்டில் ஒலி உடனே அடர்ந்துவிடும். ஹால் பரந்து எழும், ஸ்பிரிங் நீர்த்துளிபோலச் சொட்டும். டீகேயைச் சரியாக வைக்கத் தெரிந்தபின் மூன்றையும் மாற்றிப் பாருங்கள், அதுவரை சிறிய அறையின் கார்வை தரும் ‘ரூம்’ போதும். இரண்டு அவுட்புட் இருந்து ஆம்ப் ஒன்றுதான் என்றால் ‘மோனோ’ என்று குறித்ததில் செருகுங்கள்.