லெஸ்ஸில் தேடிய சொல் ஹைலைட் ஆகாமல் சாய்வெழுத்தாக வருகிறது, எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

செர்வரில் லாக் ஃபைலை லெஸ்ஸில் (ஃபைலைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் கமாண்ட்) திறந்து ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். அது பட்டை அடித்த மாதிரி தெரியாமல் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. கலர் தீம் மூன்று மாற்றியும் பலன் இல்லை என்கிறீர்கள். தீமை விடுங்கள். ஷெல் தொடங்கும்போது படிக்கும் உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலைத் திறந்து, டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் என்ற மாறிக்கு அதில் யாராவது மதிப்பு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அநேகமாக அந்த யாராவது நீங்களாகத்தான் இருக்கும்.

(கமாண்டைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும் என்பது கேட்டவருக்குத் தெரியும்.)

எனக்கு இது நடந்தபோது சாய்வெழுத்துகூடத் தெரியவில்லை. நான் பயன்படுத்திய டெர்மினல் சாய்வெழுத்தையே காட்டாத ரகம். ராத்திரி ஒரு ஆர்டர் எண்ணைத் தேடச் சொல்லி போன் வந்தது. தேடினேன், லெஸ் ஒரு வரிக்குத் தாவியது. அந்த ஒரு வரியே திரை முழுக்க மடங்கி மடங்கி ஓடியது. அதற்குள் கடைசி இலக்கம் மட்டும் மாறிய இரண்டு ஆர்டர் எண்கள். கண்ணில் முதலில் பட்டதை வைத்துக்கொண்டு ‘பணம் போய்விட்டது’ என்று சொல்லிவிட்டேன். பணம் போகாதது அவர்கள் கேட்ட ஆர்டருக்குத்தான். பட்டை விழுந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. ‘ஹைலைட் எல்லாம் அழகுக்குத்தானே’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வருவது இதனால்தான்.

மறுநாள் முழுக்க லெஸ்ஸையே குடைந்தேன். பெரிய ஜி ஆப்ஷன் ஹைலைட்டை அணைத்துவிடும். அது எங்கேயும் இல்லை. எஸ்கேப் தட்டி யு தட்டினாலும் ஹைலைட் அணையும், மறுபடி தட்டினால் வரும். அதையும் பத்து முறை தட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் பக்கத்து சீட்டுக்காரர் என் அக்கவுண்டிலேயே அவர் லேப்டாப்பிலிருந்து நுழைந்து பார்த்துவிட்டு, “சாஞ்ச மாதிரி தெரியுதே” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நூல் கிடைத்தது.

லெஸ்ஸுக்கு எந்த டெர்மினலையும் நேரடியாகத் தெரியாது. டெர்ம் மாறியில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு டெர்ம்இன்ஃபோ என்ற அகராதியில் போய், ‘ஹைலைட் செய் என்பதற்கு இவரிடம் என்ன சொல்ல வேண்டும்’ என்று கேட்கும். அந்தப் பதிவின் பெயர் எஸ்எம்எஸ்ஓ. எக்ஸ்டெர்ம் என்ற பெயருக்கு அங்கே இருப்பது எஸ்கேப், சதுர அடைப்பு, 7, எம். முன்னணியும் பின்னணியும் தலைகீழாகும். ஸ்கிரீன் என்ற பெயருக்கு 7 இருக்கும் இடத்தில் 3 இருக்கும். பொதுத் தரத்தில் 3 என்றால் சாய்வெழுத்து. ஒரே டெர்மினலுக்குள் பல திரைகளை ஓட்ட 1987-இல் வந்த ஸ்கிரீன் நிரலோ 3 வந்தால் அதை ஹைலைட்டாகவே எடுத்துக்கொள்ளும். அதே வேலையைச் செய்யும் டீமக்ஸும் அதே பெயரை ஏற்றுக்கொண்டதால், அதற்குள் இருக்கும்வரை வம்பில்லை. வெளியே வந்த பிறகும் அந்தப் பெயரையே சுமந்தால், உண்மையான டெர்மினல் ‘3-ஆ, சரி’ என்று சாய்த்துவிட்டுப் போய்விடும். விண்டோ எதுவும் இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோல் என்றால் சாய்க்கத் தெரியாமல் பச்சை நிறத்தில் காட்டும்.

சோதிக்க ஒரே வரி போதும்: டீபுட் எஸ்எம்எஸ்ஓ என்று கொடுத்து, அதை கேட் மைனஸ் வி-க்குப் பைப் செய்யுங்கள். 3 வந்தால் பிடிபட்டது. எனக்கு 3 வந்தது. எக்கோவில் டெர்மைக் கேட்டால் ஸ்கிரீன்-256கலர் என்றது. டீமக்ஸ் பக்கமே நான் போகவில்லை. பாஷ்ஆர்சியில் அந்த எக்ஸ்போர்ட் வரி இருந்தது. அதற்கு மேலே, டீமக்ஸில் கலர் வரவில்லை என்று நாலு வருடம் முன்னால் நானே எழுதிய குறிப்பு: ‘தொடாதே, வேலை செய்கிறது’.

அந்த வரியை அழியுங்கள். டெர்ம் மதிப்பை டெர்மினலும் டீமக்ஸும்தான் வைக்க வேண்டும், பாஷ்ஆர்சி அல்ல. டீமக்ஸுக்கு அதன் கான்ஃபிக் ஃபைலில் டிஃபால்ட்-டெர்மினல் என்பதை டீமக்ஸ்-256கலர் என்று வையுங்கள். அந்தப் பதிவில் ஹைலைட்டுக்கு 7, சாய்வுக்கு 3 என்று ஒழுங்காகப் பிரித்திருப்பார்கள். ஆனால் வேறு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இந்தப் பெயரை அடுத்த மெஷினுக்கும் தூக்கிக்கொண்டு போகும். பழைய செர்வரின் அகராதியில் அது இல்லாவிட்டால், டெர்மினல் முழுதாக வேலை செய்யாது என்று லெஸ் முனகும். அகராதியைக் காட்டும் இன்ஃபோகம்ப் கமாண்டைப் போட்டு, அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதையும் மாற்ற அனுமதி இல்லாத செர்வரா? லெஸ்_டெர்ம்கேப்_எஸ்ஓ என்ற மாறியில் 7 உள்ள எஸ்கேப் குறியீட்டையும், லெஸ்_டெர்ம்கேப்_எஸ்இ-யில் 27 உள்ளதையும் வைத்தால் லெஸ் மட்டுமாவது சரியாகும். இது ஒட்டுப்போடுவதுதான், ‘சரியான முறை இல்லையே’ என்று யாரும் வர வேண்டாம், எனக்கும் தெரியும்.

சொல் உள்ள வரிகளைப் பொறுக்கித் தரும் கிரெப்பின் முடிவை லெஸ்ஸுக்குப் பைப் செய்யும்போது சிவப்பு காணாமல் போவது வேறு விஷயம். கலர் ஆட்டோவில் இருந்தால் பைப்பைக் கண்டதும் கிரெப் நிறத்தை நிறுத்திவிடும். ஆல்வேஸ் கொடுத்து, லெஸ்ஸுக்குப் பெரிய ஆர் கொடுங்கள். தமிழ்ச் சொல் தேடினால் கூடுதல் வேடிக்கை உண்டு. ‘பட’ என்று தேடினால் ‘படி’யில் ப, ட இரண்டும் சிவப்பாகும். நிறத்தை முடிக்கும் குறியீடு ‘டி’யின் மேல்விலங்குக்கு முன்னால் புகுந்துவிடுவதால், அது புள்ளி வட்டத்தின் மேல் அநாதையாகத் தொங்கும். கிரெப் மேல் குற்றம் இல்லை, இருந்தாலும் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

அந்த இரண்டு நாளை டைம்ஷீட்டில் எப்படி எழுதுவது என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். இருக்கிற தலைப்புகளில் எதிலும் இது அடங்கவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் அதற்கு ஒரு குறியீடு இருக்கிறது, ஒரு வரியைக் கண்டுபிடித்து அழித்ததற்கு இல்லை. ‘ஒரு வரி நீக்கம், 16 மணி நேரம்’ என்று உண்மையையே எழுதினேன். விவரம் போதாது என்று திரும்பி வந்தது.