சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கிற்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

ஓரிடத்தில் 15,300 கிலோமீட்டர் என்றும் மற்றோரிடத்தில் 16,000-க்கு மேல் என்றும் போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். முதலாவது, பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். இரண்டாவது, விமானம் உண்மையில் பறக்கும் தூரம். பூகோள உருண்டையின் மேல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது பசிபிக்கையும் தொடாது, அட்லாண்டிக்கையும் தொடாது, ஏறத்தாழ வட துருவத்தின் மீதே போகும்.

ஆனால் நான் சென்றபோது விமானம் அந்த நூலைப் பின்பற்றவில்லை. ஜப்பானுக்குக் கிழக்கே, பசிபிக்கின் மேல் சென்றது. அங்கே 10 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. தரைவழிப் பயணத்தில் பழகிய நமக்குச் சுற்றுவழி விரைவாக இருப்பது விந்தையாகத்தான் தோன்றும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இடைநில்லா விமானத்திற்கு அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் அளவில் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்கும். பிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்றால் சுமார் 24 மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த இடைநில்லாச் சேவையை 2004-இல் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்கிற்குத் தொடங்கி, நான்கு எஞ்சின் விமானத்தின் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தி, ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர வகை வந்தபின் 2018-இல் மீண்டும் தொடங்கியது. அந்த விமானத்தில் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது என்பதால் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூரத்தைவிட மனிதரைக் குழப்புவது தேதிதான். நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. போகும்போது நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, ஜன்னல் வழியே ஒரு விடியலையும் ஓர் அந்தியையும் பார்த்து முடித்து இறங்கினால், அங்கே மறுநாள் காலை ஆறு மணிதான் ஆகியிருக்கும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: திங்கள் இரவு 10:30-க்குக் கிளம்பினால் புதன் அதிகாலையில்தான் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவீர்கள். திங்கள் இரவு கிளம்புகிறேன் என்று மட்டும் நான் சொல்லியிருந்ததால், என் தம்பி செவ்வாய் அதிகாலை ஐந்து மணிக்கே சாங்கிக்கு வந்து நின்றுகொண்டு தொலைபேசியில் அழைத்தான். அப்போது நியூயார்க்கில் திங்கள் மாலை ஐந்து மணி. நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.